பென்சில்வேனியா பிரைமரி: கட்சிக் கட்டத்தைக் கவனிங்க

கோயில் வாசலில் நாம போட்ட மேசையில் வாக்காளராப் பதிவு செய்துகொண்டவங்களில் பலர் பிரைமரியில், அதாவது கட்சிகள் தங்கள் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் முதற்கட்டத் தேர்தலில், வேட்பாளர்களுக்கு ஓட்டுப் போட முடியாதாமே, ஏன்னு கேட்டிருந்தீங்க. பெரும்பாலும் பதிவுப் படிவத்தில் கட்சியைக் குறிக்கும் கட்டம்தான் காரணம். பென்சில்வேனியாவில் கட்சியில் பதிந்தவருக்கு மட்டுமே அந்தக் கட்சியின் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க உரிமை. நம்மாட்கள் 'கட்சியெல்லாம் எதுக்குப்பா'ன்னு 'எதுவுமில்லை'யில் டிக் அடிச்சிடுவாங்க.

பயப்படாதீங்க, அதே படிவத்தில் கட்சி மாற்றத்துக்கும் கட்டம் உண்டு. படிவம் தேர்தலுக்கு 15 நாள் முன்னாடியே கவுண்டி தேர்தல் அலுவலகத்துக்குப் போய்ச் சேரணும். அன்னைக்குத் தபாலில் போட்டால் பத்தாது. முன்னே கெடு இன்னும் சீக்கிரமே முடிஞ்சிடும்: 2008-ல் ஏப்ரல் 22 பிரைமரிக்கு மார்ச் 24-லேயே கதவைச் சாத்திட்டாங்க. அப்போ நானும் கிளிப்போர்டோட அலைஞ்சவன்தான்.

இன்னொண்ணு, இதுதான் முக்கியம்: பேனாவை நீட்டும் முன் 'சிட்டிசனா?'ன்னு கேளுங்க. சிட்டிசன் ஆகாம கிரீன் கார்டு மட்டும் வச்சிருந்த ஒரு பாட்டி ஆசையா கையெழுத்துப் போடப் போனாங்க, படிவத்தைப் பிடுங்காத குறையா வாங்கினேன். போட்டிருந்தால் பின்னாடி குடியுரிமைக்கே வில்லங்கம்.