சிலிகான் வைத்த மூக்கு நுனி சிவக்கிறது: மாற்றாக கோர்டெக்ஸா, விலா குருத்தெலும்பா?

மூக்கை உயர்த்த வெச்ச சிலிகானால நுனி சிவக்குது, பாலக்கோட்டுல இருக்கேன், பெங்களூரு டாக்டர்கிட்ட அப்பாயின்ட்மென்ட் இருக்கு, பதிலா கோர்டெக்ஸா விலா குருத்தெலும்பான்னு கேட்டிருக்கீங்க. நுனிக்கு கோர்டெக்ஸ் (டெஃப்லான் வகை செயற்கைப் பொருள்) வேண்டாம். சிலிகானை எடுத்துட்டு உங்க சொந்தக் குருத்தெலும்பையே வைக்க முடியுமான்னு கேளுங்க.

எல் வடிவ சிலிகான்னு எழுதியிருக்கீங்க. அதோட வளைந்த முனை நுனித் தோலை உள்ளேயிருந்து அழுத்திக்கிட்டே இருக்கும். தோல் மெலியும், சிவக்கும், விட்டா துளைச்சுக்கிட்டு வெளியே வந்துடும். கோர்டெக்ஸ்ல நுண்துளைகள் இருக்கறதால திசு உள்ளே வளர்ந்து பிடிக்கும், அவ்வளவா நகராது. ஆனா தொற்று வந்தா எடுக்கறது சிரமம்.

காலை வெளிச்சத்துல கண்ணாடியில பாருங்க. நுனியில வெளிறின, பளபளக்கிற புள்ளி இருந்தா தோல் ரொம்ப மெலிஞ்சிருக்கலாம். அமுக்கிப் பார்க்காதீங்க.

நுனிக்கு மட்டும்னா காதுக் குருத்தெலும்பே பெரும்பாலும் போதும். மூக்குத் தண்டையும் உயர்த்தணும்னாதான் விலா குருத்தெலும்பு. அது நாளடைவில் வளையலாம், மார்பில் தழும்பும் விழும். இதையெல்லாம் டாக்டர்கிட்ட முன்னாடியே பேசிடுங்க.

சீழ், காய்ச்சல், கூடுற வலி எது வந்தாலும் பெங்களூரு அப்பாயின்ட்மென்டுக்காகப் பாலக்கோட்டிலேயே காத்திருக்காதீங்க. அன்னைக்கே தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போயிடுங்க. தொற்று இருந்தா பெரும்பாலும் முதல்ல சிலிகானை எடுத்து, புண் ஆறவிட்டு, சில மாதம் கழிச்சுதான் மறுபடி மூக்கைச் சரிசெய்வாங்க. நேர்ல பார்க்கிற டாக்டர் சொல்றதுதான் முடிவு.