உள்ளங்காலைக் கீறும்போது பெருவிரல் மேலே எழுந்தால் என்ன பொருள்?

மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற ஊர்களின் கிளினிக்குகளில், பக்கவாதம் வந்தவரின் உள்ளங்காலை மருத்துவர் ஏன் கீறிப் பார்க்கிறார் என்று பலரும் கேட்பதுண்டு. குதிகாலிலிருந்து வெளி ஓரமாக ஒரு மழுங்கிய முனையை இழுக்கும்போது, வளர்ந்தவருக்குக் கால்விரல்கள் கீழ்நோக்கி மடங்க வேண்டும். மாறாகப் பெருவிரல் மேலெழுந்தால், அது 1896-இல் பிரெஞ்சு நரம்பியல் மருத்துவர் ஜோசப் பாபின்ஸ்கி விவரித்த அறிகுறி. மூளையின் கட்டளைகளைத் தண்டுவடத்துக்குக் கொண்டுவரும் நரம்புப் பாதை பழுதுபட்டதால், அது இத்தனை காலம் அடக்கிவைத்திருந்த குழந்தைப் பருவ அனிச்சைச் செயல் மீண்டும் தலைதூக்குகிறது. தோட்டத்தில் வேலையை மேற்பார்க்கும் தண்டல் வராத நாளில், ரப்பர் பால்வெட்டுபவர் தம் பழைய போக்கில் மரம் சீவுவதைப் போன்றது இது (தண்டல்மார் கோபிக்க வேண்டாம்). கூச்சத்தால் காலையே வெடுக்கென்று இழுத்துக்கொள்பவரும் உண்டு என்பதால், பெருவிரலின் முதல் அசைவையே மருத்துவர் உற்றுக் கவனிப்பார். கைக்குழந்தைக்குப் பெருவிரல் மேலெழுவதை நோய் என்று எண்ணிப் பெற்றோர் அஞ்சுவது தவறு. ஏறத்தாழ 2 வயதுவரை அது இயல்பானதே.