சுவர் விரிசலுக்காக எஃப்.டி.யை உடைக்கலாமா?

கேள்வி: கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் சொந்த வீடு. முன்கட்டு பழைய சுண்ணாம்புக் காரைக் கட்டு. பின்கட்டை 1988-இல் சிமென்ட், கான்கிரீட்டில் சேர்த்துக் கட்டினோம். சுற்றளவு 120 அடி, உயரம் 20 அடி. வெளிச்சுவரில் மூன்று இடத்தில் விரிசல்: இரண்டு கட்டும் சேரும் இடத்தில் மேலிருந்து கீழாக ஒன்று, பின்கட்டில் மொட்டைமாடித் தளத்துக்குக் கீழே படுக்கையாக ஒன்று, குளியலறை ஜன்னல் மூலையிலிருந்து படிபடியாகச் சாய்வாக ஒன்று. வீடு முழுக்க வாட்டர்புரூஃப் பூச்சு அடிக்க ஒரு கான்ட்ராக்டர் 3.4 லட்சம் கேட்கிறார், ஜி.எஸ்.டி. தனி, 10 ஆண்டு உத்தரவாதமாம். கொத்தனார் மொத்தமாக 1.5 லட்சம் என்கிறார். ஓய்வூதியக்காரன். 6 லட்சம் எஃப்.டி. இருக்கிறது: 24 மாதத்துக்கு 7%, 14 மாதம் முடிந்தது. அதை உடைப்பதா, நகைக்கடன் வாங்குவதா? வீட்டுக் காப்பீட்டில் பணம் வருமா?

பதில்: உடைக்க வேண்டாம், நகையையும் வைக்க வேண்டாம். அதைவிட முக்கியம், ஆடி வரை யாருக்கும் முன்பணம் கொடுக்காதீர்கள். உங்களுடையது மூன்று விரிசல் அல்ல, மூன்று வெவ்வேறு நோய். கான்ட்ராக்டர் மூன்றுக்கும் ஒரே மருந்தை விற்கிறார்.

அவர் கணக்கையே பாருங்கள். 120 அடிக்கு 20 அடி, 2,400 சதுர அடி. 18% ஜி.எஸ்.டி. 61,200 சேர்த்தால் 4,01,200 ரூபாய். சதுர அடிக்கு 167 ரூபாய். விரிசல் விழுந்த இடம் எல்லாம் கூட்டினாலும் நாற்பது, ஐம்பது ரன்னிங் அடிதான் (நீளத்தை மட்டும் அளக்கும் கணக்கு) இருக்கும். பூச்சைச் சதுர அடியிலும் விரிசல் அடைப்பை ரன்னிங் அடியிலும் தனித்தனியாகப் போட்டுத் தராத கொட்டேஷனை ஒப்பிடவே முடியாது. கொத்தனாரின் ‘மொத்தமா’வுக்கும் இதே குறைதான். 10 ஆண்டு உத்தரவாதத்தாளில் சின்ன எழுத்தைப் படியுங்கள். இப்படிப்பட்ட தாள்கள் பெரும்பாலும் பூச்சு உரிவதற்குத்தான் பொறுப்பேற்கும். சுவர் அசைந்து விழும் விரிசல் அதில் சேராது.

முதல் விரிசல், பழையதும் புதியதும் சேரும் இடம். இரண்டுக்கும் அஸ்திவாரம் வேறு, பொருள் வேறு. அந்த இடம் பிரியத்தான் செய்யும். சிமென்ட் வைத்து அடைத்தால் அடுத்த கோடையில் பக்கத்திலேயே இன்னொரு கோடு விழும். உள்ளே ஃபோம் கயிறு திணித்து, மேலே பாலியூரித்தேன் சீலன்ட் (ரப்பர் போல இழுபடும் அடைப்பு) போட்டு, அதை ஒரு இணைப்பாகவே விட்டுவிட வேண்டும். காரைச் சுவர்ப் பக்கம் சிமென்ட் பூச்சோ வாட்டர்புரூஃப் பெயின்ட்டோ வேண்டவே வேண்டாம். உள்ளே ஏறும் ஈரம் வெளியேற வழியில்லாமல் உப்புப் பூத்து, காரை மாவாக உதிரும். அங்கே சுண்ணாம்பும் மணலும் 1:3 கலவை, மேலே சுண்ணாம்பு வெள்ளை போதும். முழுப் பூச்சுக்கு நான் வேண்டாம் என்பதற்கு இது ஒன்றே போதுமான காரணம்.

இரண்டாவது வெயில் செய்யும் வேலை. மாடித்தளம் பகலில் விரிந்து இரவில் சுருங்கும், கீழே இருக்கும் செங்கல் சுவர் அந்த அளவுக்கு அசையாது. 10 மி.மீ. அகலம், 10 மி.மீ. ஆழத்துக்கு ‘வி’ வடிவில் வெட்டி, தூசி தட்டி, இழுபடும் அக்ரிலிக் சீலன்ட் நிரப்ப வேண்டும். மாடியில் தட்டோடு பெயர்ந்திருந்தால் அதைச் சரிசெய்து வெள்ளைக் கூலிங் பூச்சு அடிப்பதுதான் நிஜமான வைத்தியம். செலவில் பாதி மேலேதான் போக வேண்டும்.

மூன்றாவதுதான் எனக்குக் கவலை. படிபடியாகச் சாய்ந்த விரிசல், அதுவும் குளியலறைப் பக்கம் என்றால் முதல் சந்தேகம் கழிவுநீர்க் குழாய். கசிந்து அஸ்திவாரத்தடி மண்ணை ஊறவைக்கிறதா பாருங்கள். விரிசல் மேலே அகன்று கீழே ஒடுங்கியிருந்தால் அந்த மூலை இறங்குகிறது என்று அர்த்தம். இதற்குச் செலவில்லாத சோதனை ஒன்று: உங்கள் ஏ.டி.எம். கார்டின் கனம் 0.76 மி.மீ. அது நுழையாத விரிசல் பெரும்பாலும் மேல்பூச்சோடு நிற்பது. தாராளமாக நுழைந்தால் குறுக்கே ஒரு கண்ணாடித் துண்டை எபாக்சி பசையால் இரு பக்கமும் ஒட்டி, பக்கத்தில் பென்சிலால் தேதி எழுதுங்கள். பங்குனியிலிருந்து ஆடி வரை உடையாமல் இருந்தால் அசைவு அநேகமாக நின்றுவிட்டது. உடைந்தால், அல்லது 5 மி.மீ.க்கு மேல் அகலமிருந்தால், ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரைக் காசு கொடுத்துக் கூப்பிடுங்கள், ஆடி வரை காத்திருக்கவும் வேண்டாம். முதல் ரூபாய் அவருக்குத்தான். பூச்சு விற்பவர் தரும் ‘இலவச ஆய்வு’ அதற்கு ஈடல்ல.

சன்ஷேடுகளைச் சுத்தியால் தட்டிப் பாருங்கள். ‘டொப்’ என்று பொள்ளல் சத்தம் வந்தால் உள்ளே கம்பி துருப்பிடித்து ஊதியிருக்கிறது. கடலூர் உப்புக்காற்றில் இது சகஜம். அதைக் கொத்தி எடுத்து, கம்பியைத் தேய்த்து, துருத்தடுப்பு பூசி, பாலிமர் கலவை வைக்கும் செலவையும் கணக்கில் சேருங்கள். சுவர் இடுக்கில் அரசங்கன்று இருந்தால் வேரோடு எடுக்காமல் அடைக்க விடாதீர்கள்.

இனி பணம். 1.5 லட்சத்தை உச்சவரம்பாக வையுங்கள். மாடியும் சன்ஷேடும் அதற்குள் அடங்காவிட்டால் பெயின்ட்டைத் தள்ளிப்போடுங்கள், சீலன்ட்டை அல்ல. எஃப்.டி.யை ஆடியில் உடைத்தால் 18 மாதம் ஓடியிருக்கும். உங்கள் வங்கியின் அபராதம் 1% என்றால் 9,000 ரூபாய் போச்சு, 18 மாதத்துக்கான வட்டி விகிதம் குறைவாக இருந்தால் இன்னும் போகும். அதே எஃப்.டி. மேல் ஓவர்டிராஃப்ட், அதாவது அதை உடைக்காமல் ஈடாக வைத்து எடுக்கும் கடன், கேளுங்கள். அதன் வட்டி வழக்கமாக எஃப்.டி. வட்டியைவிட 1 முதல் 2% அதிகம். 8% என்றால் 1.5 லட்சத்துக்கு மாதம் 1,000. முதிர்வு வரை ஆறு மாதத்துக்கு 6,000. அதே 1.5 லட்சத்துக்கு எஃப்.டி. உங்களுக்குத் தருவது 5,250. நிகரச் செலவு 750 ரூபாய். எடுத்த தொகைக்கு மட்டும்தான் வட்டி என்பதால் தவணையாகக் கொடுக்க இதுதான் தோது. முதிர்வன்று கடன் தானாகத் தீரும்.

தவணையை இப்படி எழுதி வாங்குங்கள்: பொருளுக்கு 20%, சாரம் கட்டி விரிசல் வெட்டி முடிந்ததும் 30%, அடைப்பும் மாடி வேலையும் முடிந்ததும் 35%. மீதி 15% ஐப்பசி, கார்த்திகை மழை தாண்டி தையில். ஆவணிக்குள் வேலை முடிய வேண்டும்.

காப்பீட்டில் இதற்கு வராது. 2021 ஏப்ரல் முதல் உள்ள பாரத் கிருஹ ரக்ஷா பாலிசி புயல், வெள்ளம், நிலம் உள்வாங்குதல் ஆகியவற்றுக்கு உண்டு. நாள்பட்ட தேய்மானம், வழக்கமான விரிசல், கடலோர, ஆற்றோர அரிப்பு இவற்றுக்கு இல்லை. ஆனால் பாலிசி எடுங்கள், வேலை முடிந்த சுவரைத் தேதியோடு படம் பிடித்தும் வையுங்கள். ‘தானே’ புயல் போலவோ 2024-இன் ‘ஃபெஞ்சல்’ புயல் போலவோ ஒன்று வந்தால், புயலுக்கு முன் சுவர் நன்றாக இருந்தது என்று காட்ட அந்தப் படம்தான் கைகொடுக்கும்.

வரிச் சலுகையும் பெரிதாக இல்லை. வருமான வரியில் பழைய முறையில் இருந்தால், குடியிருக்கும் வீட்டைப் பழுதுபார்க்க வாங்கிய கடனின் வட்டியில் ஆண்டுக்கு 30,000 ரூபாய் வரை கழிக்கலாம். புதிய முறையில் அதுவும் கிடையாது.