கரிமணலா, சோழமண்டலமா?

வணக்கம் ஐயா,

பழவேற்காட்டுப் பக்கம் கரிமணல் என்ற மீனவர் ஊருக்குப் போயிருந்தேன். கோரமண்டல் கடற்கரை என்ற பெயரே தங்கள் ஊரிலிருந்துதான் வந்தது என்று அடித்துச் சொல்கிறார்கள். கரையில் மணலும் கறுப்புக் கோடு கோடாகத்தான் கிடக்கிறது. பள்ளியில் சோழமண்டலம் என்று படித்தோமே, எது சரி? சென்னைக்கும் வடக்கே சோழ நாடு ஏது? நியூசிலாந்தில் இருக்கும் என் மகள் அங்கேயும் ஒரு கோரமண்டல் உண்டு என்கிறாள்.

ஆர்., பொன்னேரி

அன்புள்ள ஆர்.,

சோழமண்டலம்தான்.

கரிமணல் கதை முதல் எழுத்திலேயே இடறுகிறது. ஐரோப்பியர் தொடக்கத்தில் எழுதிய பெயர் 'ச'வில் தொடங்குகிறது, 'க'வில் அல்ல. 1510இல் வெளிவந்த பயண நூலில் இத்தாலியரான வர்த்தேமா இந்தப் பெயரை சி, ஐ, ஓ என்ற மூன்று எழுத்துகளில் தொடங்குகிறார். இத்தாலிய முறையில் வாசித்தால் அது 'சோரோமண்டெல்'. போர்த்துக்கீசியர் சி, எச் போட்டு எழுதினார்கள். அவர்கள் வாயில் அதுவும் சகரம்தான். அந்த எழுத்துக்கூட்டலைப் பார்த்துப் படித்த மற்ற நாட்டார், 'கிறிஸ்து'வில் வருவதுபோலக் ககரமாக்கிவிட்டார்கள். ழகரம் ரகரமானதைப் பெரிதாகச் சொல்ல வேண்டியதில்லை, நம்மவர்களிலேயே பலருக்கு அது வருவதில்லை.

அதற்காக ஊர்க்காரர்கள் கதை விடுகிறார்கள் என்றும் சொல்ல மாட்டேன். சென்னையிலிருந்த வெள்ளைக்காரர்கள் கரிமணலையும் 'கோரமண்டல்' என்றே சொல்லியும் எழுதியும் வந்தார்கள். கரை முழுவதற்கும் ஏற்கெனவே இருந்த பெயரை, காதுக்கு ஒத்துப்போன ஒரு சிற்றூரின் மேலும் ஏற்றிவிட்டார்கள், அவ்வளவுதான்.

வடக்கே சோழ நாடு ஏது என்ற கேள்வி நல்ல கேள்வி. உங்கள் பகுதி தொண்டை மண்டலம். ஆனால் ராஜராஜன் காலத்தில் அதற்கே ஜயங்கொண்ட சோழமண்டலம் என்று பெயர் மாற்றினார்கள். உங்களுக்குப் பக்கத்தில் திருவொற்றியூர்க் கோயில் கல்வெட்டுகளைப் பாருங்கள், 'ஜயங்கொண்ட சோழமண்டலத்துப் புழற்கோட்டத்து' என்று வரும். தஞ்சாவூர்க் கரையும் சோழமண்டலம், உங்கள் கரையும் ஒரு சோழமண்டலம். கடலில் வந்தவன் இரண்டுக்கும் நடுவே எங்கே கோடு கிழிப்பான்?

சரி, நியூசிலாந்துக்கு வருவோம். 1820இல் பாய்மரத் தண்டுக்காகக் கௌரி என்ற அந்நாட்டு மரம் வாங்க ஒரு பிரிட்டிஷ் கடற்படைக் கப்பல் அங்கே போனது. கப்பலின் பெயர் கோரமண்டல். அது நங்கூரமிட்ட துறைமுகத்துக்கு அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது, அப்புறம் தீபகற்பம் முழுவதற்கும் பரவியது. கல்கத்தாவில் கட்டிய கப்பல் அது. கடற்படை வாங்கியபோது முதலில் வைத்த பெயர் மலபார். 1815இல்தான் கோரமண்டல் என்று மாற்றினார்கள். மாற்றாமல் விட்டிருந்தால் உங்கள் மகள் இதைக் கேரளத்துக்காரர்களிடம் கேட்டிருப்பாள்.