வாசகர் கேள்வி – பதில்: கோபத்துக்கு முகவரி உண்டா?

சென்ற இதழில் நேபாளத்தைப் பற்றி இரண்டு பத்தி எழுதினேன். அதற்கு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே கேள்வியைத்தான் வெவ்வேறு விதமாகக் கேட்டிருந்தன. ஆகவே இந்த முறை மற்ற கேள்விகளை ஒதுக்கி வைத்துவிட்டு, அவற்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

இலங்கையில் 2022, வங்கதேசத்தில் 2024, நேபாளத்தில் 2025 என்று நம்மைச் சுற்றியுள்ள மூன்று அரசுகளைச் சாதாரண மக்களே வீதிக்கு வந்து கவிழ்த்துவிட்டார்கள். இங்கும் விலைவாசி, வேலையின்மை, லஞ்சம் என்று எல்லோரும் புலம்புகிறோம். இந்தப் புலம்பல் ஒரு நாள் புரட்சியாக வெடிக்குமா?
— ஒரு வாசகி, கடலூர் முதுநகர்

தேதி குறித்துச் சொல்வது ஜோதிடர் வேலை. ஆனால் எந்தப் புலம்பல் புலம்பலாகவே கரைகிறது, எது வீதிக்கு வருகிறது என்பதை ஓரளவு கவனித்துச் சொல்லலாம். துன்பத்தின் அளவு அதைத் தீர்மானிப்பதில்லை. தீர்மானிக்குமென்றால் 1943-ஆம் ஆண்டுப் பஞ்சத்திலேயே வங்காளத்தில் ஆட்சி கவிழ்ந்திருக்க வேண்டும். கல்கத்தாவில் அரிசி இருந்த கடைகளின் வாசலிலேயே மக்கள் பசியால் விழுந்து இறந்தார்கள்.

சில வாரங்களுக்கு முன் உங்கள் முதுநகரிலேயே ஒரு ரேஷன் கடை வரிசையில் நின்றிருந்தேன். எனக்கு முன்னால் நின்ற மீன் விற்கும் ஆயா நான்கு முறை மெஷினில் விரலை வைத்தார். மீன் ஆய்ந்து ஆய்ந்து தேய்ந்த விரலில் ரேகை விழவில்லை. “போன மாசம் வரைக்கும் என் கையா இருந்தது இந்த மாசம் என் கை இல்லியா?” என்று அவர் போட்ட சத்தத்தில் தெருவே திரும்பிப் பார்த்தது. வரிசையில் நின்றவர்களும் மெஷினை, அதை வாங்கி வைத்தவர்களை, எண்ணெய் விலையை, கடைசியில் மொத்த அரசாங்கத்தையும் திட்டத் தொடங்கினார்கள். விற்பனையாளர் எழுந்து வெளியே வந்து, “ஆயா, பேரன் பேரு கார்டுல இருக்கு இல்ல? அவன வரச் சொல்லு, அவன் விரல் வெச்சா போதும்” என்றார். பேரன் வந்தான், பில் வந்தது, அரிசி பையில் விழுந்தது. ஆயா போகும்போது விற்பனையாளரின் குழந்தையை விசாரித்துவிட்டுப் போனார்.

இதைக் கேலிக்காகச் சொல்லவில்லை. அந்தப் பத்து நிமிடக் கோபம் உண்மையான கோபம். எதிரில் பதில் சொல்ல ஒரு மனிதர் இருந்தார், மாற்று வழி ஒன்று இருந்தது, எல்லாவற்றுக்கும் மேலாக மூட்டையில் அரிசி இருந்தது. அதனால்தான் அது அங்கேயே முடிந்தது. இலங்கையில் 2022 மார்ச் இறுதியில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் மின்சாரம் இல்லை; ஏப்ரல் 12 அன்று வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அரசே அறிவித்தது; மே மாதத் தொடக்கத்தில் பயன்படுத்தக்கூடிய அந்நியச் செலாவணி 5 கோடி டாலருக்கும் கீழே இறங்கியது. மூட்டை காலி என்பது எல்லோருக்கும் ஒரே நாளில் தெரிந்துவிட்டது. அதைவிட முக்கியமாக, அந்த நாட்டின் கோபத்துக்கு ஒரே ஒரு முகவரி இருந்தது. ராஜபக்ச வீட்டு அண்ணன் தம்பிகளில் கோட்டாபய அதிபர், ஒருவர் பிரதமர், இன்னொருவர் நிதியமைச்சர் என்று இருந்தபோது, உரம் கிடைக்காத விவசாயியும் பெட்ரோல் வரிசையில் நின்ற ஆட்டோ ஓட்டுநரும் பால்பவுடர் தேடிய தாயும் ஒரே வீட்டு வாசலுக்குத்தான் போக வேண்டியிருந்தது. ‘கோட்டா கோ ஹோம்’ என்ற முழக்கத்தில் ஒரு மனிதரின் பெயரும் அவர் செய்ய வேண்டிய ஒரே காரியமும் இருந்தன.

நமக்கோ முகவரிகள் ஏராளம். குளம் தூர் வாரவில்லையென்றால் கவுன்சிலர், பட்டா வரவில்லையென்றால் வி.ஏ.ஓ., கேஸ் விலை ஏறினால் டெல்லி, பஸ் வரவில்லையென்றால் சென்னை. பாண்டிச்சேரிக்காரர் நிலை இன்னும் சிக்கலானது: முதலமைச்சரைக் கேட்டால் துணைநிலை ஆளுநரைக் காட்டுவார், ஆளுநர் மாளிகை உள்துறை அமைச்சகத்துக் கோப்பைக் காட்டும், கோப்பு எங்கே இருக்கிறது என்று யாரும் காட்டமாட்டார்கள். இப்படிச் சிதறும் கோபம் திரள்வது கடினம்.

இதற்கு நெஞ்சைப் பிசையும் உதாரணம் ஒன்று உண்டு. துனிசியாவில் பழ வண்டிக்காரர் முகமது பூஅசீசி 2010 டிசம்பர் 17 அன்று ஆளுநர் அலுவலகத்தின் முன் தீக்குளித்தார். 28 நாட்களில், 23 ஆண்டுகள் ஆண்ட பென் அலி நாட்டை விட்டு ஓடினார். 2017 அக்டோபர் 23 அன்று திருநெல்வேலி ஆட்சியர் அலுவலகத்தில் கந்துவட்டிக் கொடுமையால் இரண்டு குழந்தைகளோடு ஒரு குடும்பமே தீக்கிரையானது. தமிழ்நாடு உறைந்துபோயிற்று, ஆனால் அந்த ஆத்திரத்தில் ஒரு பங்கு வட்டிக்காரர் மீதும், ஒரு பங்கு காவல் நிலையத்தின் மீதும், ஒரு பங்கு மனுவைக் கிடப்பில் போட்ட அதிகாரிகள் மீதும் பிரிந்தது. கந்துவட்டித் தடைச் சட்டம் 2003-லிருந்தே இருந்ததால், சட்டம் வேண்டும் என்று கேட்கவும் வழியில்லை. அதன் பிறகு திங்கட்கிழமை குறைதீர் நாளில் ஆட்சியர் அலுவலக வாசலிலேயே போலீசார் மனுக்காரர்களின் பையைத் திறந்து, உள்ளே மண்ணெண்ணெய் இருக்கிறதா என்று பார்ப்பது வழக்கமாகிவிட்டது. அரசு கவிழவில்லை, கந்துவட்டியும் ஒழியவில்லை. இதில் எது நமக்கு நல்லது என்று தீர்ப்புச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

என் தாத்தா மில்லில் ஸ்பின்னிங் பிரிவில் இருந்தவர். ஒவ்வொரு ஜூலை 30 அன்றும் தியாகிகள் தின மேடைகளில் 1936-ஐப் புரட்சி என்கிறார்கள். ஒரு வேலைநிறுத்தத்தைப் புரட்சி என்று சொல்லலாமா?
— ஒரு வாசகர், முதலியார்பேட்டை

ஆட்சி மாறியதா என்று கேட்டால் இல்லை. ஆகவே அகராதிப்படி அது புரட்சி அல்ல. உங்கள் தாத்தா வீட்டுக்குத் திரும்பிய நேரம் மாறியதா என்று கேட்டால், மாறியது. இந்த இரண்டாவது கேள்வியை நாம் போதுமான அளவு கேட்பதில்லை.

அன்று நடந்ததை இளைய வாசகர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். எட்டு மணி நேர வேலையும் சங்கம் வைக்கும் உரிமையும் கேட்டுப் புதுச்சேரி ஆலைத் தொழிலாளர்கள் போராடிவந்த காலத்தில், 1936 ஜூலை 30 அன்று சவானா ஆலையில் பிரெஞ்சுப் படை சுட்டதில் 12 பேர் இறந்தார்கள். அதே ஆண்டு ஜூன் மாதம் பாரிஸில் லெயோன் புளூமின் மக்கள் முன்னணி அரசு பதவியேற்றிருந்தது. ஆலைகளுக்குள் அமர்ந்து வேலைநிறுத்தம் செய்த பிரெஞ்சுத் தொழிலாளருக்கு வாரம் 40 மணி நேர வேலையும் சம்பளத்தோடு விடுமுறையும் அந்த அரசு சட்டமாக்கிக் கொடுத்திருந்தது. பாரிஸில் விடுமுறை, பாண்டிச்சேரியில் குண்டு. தொழிற்சங்கத் தலைவர் வ. சுப்பையாவும் தொழிலாளர்களும் பிடித்துக்கொண்டது இந்த முரண்பாட்டைத்தான். ஆலை முதலாளியிடமும் உள்ளூர் ஆளுநரிடமும் கேட்டுப் பயனில்லை என்றானபோது, தங்கள் கொள்கைக்கே வெட்கப்பட வேண்டிய நிலையில் இருந்த பாரிஸ் அமைச்சர்களிடம் அவர்கள் கணக்குக் கேட்டார்கள். 1937-ல் எட்டு மணி நேர வேலையும் தொழிற்சங்க உரிமையும் ஆணையாக வந்தன. கோபம் எல்லா ஆலைகளிலும் இருந்தது. அதை யாரிடம் கொண்டுபோய் வைப்பது என்று தெரிந்த ஒரு சங்கம் இங்கே இருந்தது.

இப்போது மறுபக்கம். கடலூர் சாலையில் பஸ்ஸில் வருகிறவர்கள் ஜன்னல் வழியே பார்க்கும் ஏ.எஃப்.டி. ஆலை 2020 ஏப்ரல் 30 அன்று, ஊரடங்கின் நடுவில் மூடப்பட்டது. சுதேசி, பாரதி ஆலைகளும் அந்த ஆண்டே மூடப்பட்டன. ஒரு காலத்தில் மூன்று ஷிப்டுக்கும் ஊதிய மில் சங்கை வைத்து ஊரே கடிகாரத்தைத் திருத்திக்கொண்டது. ஓடுகிற இயந்திரத்தை நிறுத்த முடியும் என்பதுதான் 1936-ன் தொழிலாளிக்கு இருந்த பலம். நின்றுபோன இயந்திரத்தின் முன்னால் வேலைநிறுத்தம் செய்ய முடியாது. அந்தத் தொழிலாளியின் பேரன் இன்று ஜவுளிக்கடையில் பன்னிரண்டு மணி நேரம் நிற்கிறான், அல்லது பைக்கில் உணவுப் பொட்டலம் கொண்டுபோகிறான். அவனுடைய வேலை நாள் அவன் தாத்தாவின் வேலை நாளைவிட நீளமாகிவிட்டது. ஆனால் ஷிப்டு விடும் நேரத்தில் ஐயாயிரம் பேரோடு அவன் வெளியே வரும் ஒரு கேட் இல்லை.

அந்த கேட்தான் இப்போது போனில் இருக்கிறதே, ஐயா? நேபாளத்தில் இளைஞர்கள் அதை வைத்துத்தானே இரண்டு நாளில் ஆட்சியை மாற்றினார்கள்?
— ஒரு கல்லூரி மாணவர், லாஸ்பேட்டை

கூட்டம் கூட்டுவதில் போன் கெட்டிக்காரத்தனமானதுதான். 2017 ஜனவரியில் ஜல்லிக்கட்டுக்காக மெரினாவில் தலைவர் இல்லாமலேயே ஒரு வாரம் கூட்டம் நின்றதைப் பார்த்தோம். ஜனவரி 23 அன்று சட்டமும் நிறைவேறியது. அதே நாளில் அந்தக் கூட்டத்தைத் தடியடி நடத்திக் கலைத்தார்கள் என்பதையும் சேர்த்தே நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

நேபாளத்தில் 26 சமூக ஊடகங்களை முடக்கியது பொறியாக இருந்தது. 2025 செப்டம்பர் 8 அன்று துப்பாக்கிச் சூட்டில் 19 பேர் இறந்தார்கள். மறுநாள் பிரதமர் ஒலி பதவி விலகினார். அதற்கு முன் பல ஆண்டுகளாக ஒலி, தேவுபா, பிரசண்டா என்ற மூவரே மாறி மாறிப் பிரதமராக வந்ததால், யாருக்கு ஓட்டுப் போட்டாலும் அதே முகம்தான் என்ற சலிப்பு அங்கே ஊறியிருந்தது. அந்தச் சலிப்பைப் போன் உண்டாக்கவில்லை. இறுதியில் ஆட்சி விழுந்த நேரம் எது என்று பாருங்கள்: கொழும்பிலும் டாக்காவிலும் காட்மாண்டிலும் ராணுவம் ஆட்சியாளருக்காக மக்களை நோக்கித் தொடர்ந்து சுட மறுத்த நேரம்தான் அது. 1917 பிப்ரவரியில் ரொட்டி வரிசையிலிருந்து பெத்ரோகிராத் வீதிக்கு வந்த பெண்களின் போராட்டமும், படைவீரர்கள் கூட்டத்தின் பக்கம் சேர்ந்த நாளில்தான் புரட்சியாயிற்று. அப்போது போன் எதுவும் தேவைப்படவில்லை. வங்கதேசத்தில் அந்த நேரம் வருவதற்குள் 1,400 பேர் வரை இறந்திருக்கலாம் என்று ஐ.நா. மதிப்பிட்டது. இரண்டு நாள் என்று நாம் சுலபமாகச் சொல்கிறோம்.

1965-ல் இந்தி எதிர்ப்பில் இந்தப் பகுதியே கொதித்தது. அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவர் ராஜேந்திரன் ஜனவரி 27 அன்று சுடப்பட்டு இறந்தார். அதுவும் முழுப் புரட்சியாக மாறாமல் போனது ஏன்?
— ஒரு வாசகர், சிதம்பரம்

தேர்தல் குறுக்கே வந்தது. மொழிக் கோபத்தோடு அரிசித் தட்டுப்பாடும் சேர்ந்த அந்த இரண்டு ஆண்டுகளில், வேறொரு நாடாக இருந்தால் என்ன நடந்திருக்கும் என்று நினைத்துப் பார்க்கலாம். இங்கே 1967-ல் எல்லோரும் வரிசையில் நின்று ஓட்டுப் போட்டார்கள். விருதுநகரில் காமராஜரே ஒரு மாணவர் தலைவரிடம் 1,285 வாக்கில் தோற்றார். அந்தத் தோல்வியைக் காங்கிரஸ் ஏற்றுக்கொண்டு வீட்டுக்குப் போனது என்பதுதான் அந்த ஆண்டின் பெரிய செய்தி என்று நான் நினைக்கிறேன். வங்கதேசத்தில் 2024 ஜனவரித் தேர்தலைப் பிரதான எதிர்க்கட்சி புறக்கணித்தது. ஏழே மாதத்தில் வீதி தீர்ப்பு எழுதியது. வாக்குச்சீட்டு எல்லாவற்றையும் தீர்க்கும் என்று நான் சொல்ல வரவில்லை: ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்ற வாக்குறுதியைக் கேட்டு ஓட்டுப் போட்டவர்களுக்கு ஒரு படிதான் கிடைத்தது, அதுவும் முதலில் சென்னையிலும் கோவையிலும் மட்டும்.

மக்கள்தொகையில் 3.5 சதவீதம் பேர் வீதிக்கு வந்தால் எந்த அரசும் தாங்காது என்கிறார்களே, உண்மையா?
— ஒரு வாசகர், நெல்லிக்குப்பம்

எரிகா செனோவெத் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1900 முதல் 2006 வரையிலான போராட்டங்களைத் தொகுத்துப் பார்த்துச் சொன்ன கணக்கு அது. பழைய போராட்டங்களைப் பற்றிய கணக்கேயொழிய, எப்போதும் பலிக்கும் சூத்திரம் அல்ல என்று அவரே எச்சரித்திருக்கிறார். 2011 கணக்கெடுப்புப்படி புதுச்சேரியின் மக்கள்தொகை 12.48 லட்சம்; அதில் 3.5 சதவீதம் என்றால் சுமார் 44,000 பேர். மாசி மகத்தன்று வைத்திக்குப்பம் கடற்கரையில் நின்று பார்த்தவர்களுக்கு அது பெரிய எண்ணாகத் தோன்றாது.

அதிருப்தி முற்றுகிறது என்பதற்கு எதை அடையாளமாக வைத்துக்கொள்வது?
— ஒரு வாசகி, பாகூர்

சத்தம் கூடுவதைவிடச் சத்தம் குறைவதைத்தான் நான் கவனிப்பேன். உங்கள் ஊரிலேயே பாருங்கள். அரிசிக்குப் பதில் வங்கிக் கணக்கில் பணம் என்ற முறை புதுச்சேரிக்கு 2015-ல் வந்தது. பிறகு ரேஷன் கடைகள் ஆண்டுக்கணக்கில் மூடிக் கிடந்தன. 2024 அக்டோபரில்தான் திரும்பத் திறந்தார்கள். அந்த இடைவெளியில், பணம் ஏறியிருக்கிறதா என்று பார்க்க வங்கியில் பாஸ்புக் என்ட்ரி போடும் மெஷின் முன்னால் பெண்கள் நிற்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். புத்தகத்தை உள்ளே விடுவார்கள், கிர்ரென்ற சத்தத்தோடு அது வெளியே வரும், கடைசி வரியைப் பார்ப்பார்கள், இடுப்பில் செருகிக்கொண்டு போவார்கள். முதுநகர் ஆயாவைப் போல அந்த மெஷினிடம் சத்தம் போட்டவர் ஒருவரைக்கூட நான் பார்க்கவில்லை.