கொரிய மொழி பேசுகிறவர்களுக்கு ‘வேர் ஆஃப்’ (wear off, ஒன்றின் வேகம் மெல்லக் குறைந்து மறைவது) என்ற ஆங்கிலத் தொடர் ஏன் பிடிபடுவதில்லை? எப்படிக் கற்பது?

தென்கொரியாவின் சுவோன் நகரில் வேலை பார்க்கிறேன். அலுவலகத் தோழி ஒருவருக்கு வாரத்தில் ஒரு மாலை ஆங்கிலம் சொல்லித்தருகிறேன், அவர் எனக்குக் கொரியம் சொல்லித்தருகிறார். இந்தத் தொடரோடு அவர் பட்ட பாட்டைப் பக்கத்திலிருந்து பார்த்ததால் எழுதுகிறேன்.

கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிக்கொண்டு ஒரு மதியம் வந்தார். உதடு இன்னும் மரத்திருந்தது. கன்னத்தைத் தடவிக்கொண்டே, “ஐ வேர் ஆஃப்” என்றார். மரப்பு ஊசியின் வேகம் குறைகிறது என்று சொல்லத்தான் முயன்றார்.

பள்ளியில் ‘வேர்’ என்றால் உடுத்துவது, கொரியத்தில் ‘இப்தா’, என்று படித்திருக்கிறார்கள். ‘ஆஃப்’ என்றால் நீக்குவது. இரண்டையும் கூட்டினால் சட்டையைக் கழற்றுவதுதான் மனத்தில் வரும். ஆனால் அதற்கு ஆங்கிலத்தில் ‘டேக் ஆஃப்’ இருக்கிறது. உடுத்த உடுத்தத் துணி நைந்துபோகிறது அல்லவா, அந்த நைதல்தான் இங்குள்ள ‘வேர்’. இதைச் சொன்னதும் அவர் முகம் தெளிந்தது.

அடுத்த சிக்கல், எது குறைகிறதோ அதுதான் எழுவாயாக வர வேண்டும். ஊசி மருந்தோ வலியோ புதுமையின் கவர்ச்சியோதான் ‘வேர் ஆஃப்’ ஆகும், ஆள் ஆவதில்லை. செயப்படுபொருளும் வராது. செருப்பு தேய்ந்து உதவாமல் போனால் அது ‘வேர் அவுட்’.

என் அனுபவத்தில் பலன் தந்த வழி, கொரியத்திலேயே இருக்கும் வாக்கியத்தைப் பிடித்துக்கொள்வது. மரப்பு விடுவதை அவர்கள் ‘மச்விகா புல்லிதா’ என்பார்கள், கட்டு அவிழ்வதைப் போல. அதோடு ‘போ’ என்று பொருள்படும் ‘கதா’வைச் சேர்த்து ‘புல்லியோ கயோ’ என்றால், கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொண்டே போகிறது என்று ஆகிவிடும். நாம் ‘போகப் போக’ என்பதற்கு அவர்கள் சொல்லும் ‘கல்சுரோக்’கிலும் இதே ‘போ’தான் இருக்கிறது. இதைக் கண்டுகொண்ட நாளில் எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியைச் சொல்லி மாளாது! படிப்படியாக நடப்பதைக் காட்ட நம் இரு மொழிகளும் ‘போ’ என்ற வினையைத் துணைக்கு அழைக்கின்றன. இந்தத் தொடரில் ஆங்கிலம் அந்த வேலையை ‘வேர்’ என்ற தேய்தலிடம் விட்டுவிடுகிறது. ஆகவே ‘புல்லியோ கயோ’ என்று மனத்தில் தோன்றும் இடத்தில் ‘இஸ் வேரிங் ஆஃப்’ என்று முழுதாகச் சொல்லிப் பழகச் சொன்னேன்.

அன்று மாலை ஆறு மணிக்கு அவரிடமிருந்து குறுஞ்செய்தி வந்தது: “தி இன்ஜெக்‌ஷன் இஸ் வேரிங் ஆஃப்.” வலி தொடங்கியிருந்தது, பாவம், வாக்கியத்தில் மட்டும் ஒரு பிழையும் இல்லை.