ஜேம்ஸ்டவுன் நாட்குறிப்பு: பிள்ளைக்கு எப்படி உதவுவது?

கேள்வி: அமெரிக்காவில் ஐந்தாம் வகுப்பு படிக்கும் என் மகன், 1607-இல் ஜேம்ஸ்டவுனில் குடியேறிய ஒருவரின் நாட்குறிப்பை எழுதவேண்டும். முதலில் எழுதியதை, பாடப்புத்தகம் போல இருக்கிறது என்று ஆசிரியர் திருப்பிக் கொடுத்துவிட்டார். அடுத்தவர் மண்ணில் போய் உட்கார்ந்தவனின் பார்வையில் பிள்ளை எழுதுவதும் எனக்கு உறுத்துகிறது. என்ன செய்யலாம்?

பதில்: அந்தக் குடியேறிக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லாததையெல்லாம் உங்கள் மகன் எழுதியிருப்பான். 'அமெரிக்காவின் முதல் நிலையான ஆங்கிலக் குடியிருப்பு' என்று அன்று யார் எழுதியிருக்க முடியும்? அடுத்த மாதம் உயிரோடு இருப்போமா என்பதே அவர்களுக்கு நிச்சயமில்லை. ஒரு தேதியை முடிவு செய்யுங்கள். அதற்குப் பிறகு நடந்ததை எல்லாம் அடித்துவிடச் சொல்லுங்கள்.

நான் 1607 ஆகஸ்ட், செப்டம்பரைத்தான் தேர்ந்தெடுப்பேன். மே மாதம் வந்து இறங்கிய 104 பேரில் ஏறக்குறையப் பாதிப் பேர் செப்டம்பர் முடிவதற்குள் இறந்துபோனார்கள். அங்கே இருந்த ஜார்ஜ் பெர்சி எழுதிய குறிப்புகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. மகனோடு உட்கார்ந்து இரண்டு பக்கம் படியுங்கள். ஆகஸ்ட் 6, ஜான் ஆஸ்பி ரத்தபேதியில் இறந்தார். 9, ஜார்ஜ் ஃப்ளவர் உடம்பு வீங்கி இறந்தார். இப்படியே வரிக்கு ஒரு சாவு, அழுகையோ விளக்கமோ கிடையாது. ஐந்து பேருக்கு ஒரு நாளைக்குத் தண்ணீரில் வேகவைத்த பார்லி ஒரு சிறு குவளை. குடிக்க ஆற்றுத் தண்ணீர்: கடல் ஏறும்போது ஒரே உப்பு, வற்றும்போது சேறும் அழுக்கும். பிள்ளை பிடித்துக்கொள்ள வேண்டிய நடை இதுதான்.

1606 முதல் 1612 வரை அந்தப் பகுதியில் கடும் வறட்சி என்று மரவளையங்களை ஆராய்ந்தவர்கள் சொல்கிறார்கள். இதை அப்படியே எழுதினால் மறுபடியும் பாடப்புத்தகம்தான். குடியேறிக்குத் தெரிந்தது மழை பெய்யாததும், தண்ணீர் கரிப்பதும் மட்டுமே. ஆளைத் தேர்ந்தெடுக்கும்போதும் கவனம் வேண்டும். கூலியாட்களில் பலருக்கு எழுத்தே தெரியாது. ஆங்கிலேயப் பெண்கள் அங்கே வந்ததே 1608-இல்தான், அதனால் 1607 நாட்குறிப்பில் அம்மாவோ தங்கையோ வரக்கூடாது.

உங்கள் உறுத்தல் நியாயமானது, நமக்கு அது தொலைதூரத்துக் கதையும் இல்லை. கிழக்கிந்தியக் கம்பெனியின் முதல் கவர்னரான தாமஸ் ஸ்மைத்தான் பிறகு ஜேம்ஸ்டவுனை அமைத்த வர்ஜீனியா கம்பெனியையும் பல ஆண்டுகள் நடத்தினார். குடியேறிகளின் கோட்டை எழும்பிய இடம் பாஸ்பஹே என்ற பூர்வகுடி மக்களுடையது. இதைக் குடியேறியின் வாயால் ஒப்புக்கொள்ள வைக்காதீர்கள், அது பொய்யாகிவிடும். அவன் தவறாகவே நினைக்கட்டும். அவன் கண் பார்த்தது உண்மையைச் சொல்லட்டும். அந்தச் செப்டம்பரில் ரொட்டியும் சோளமும் மீனும் இறைச்சியும் கொண்டுவந்து தங்களைக் காப்பாற்றிய பூர்வகுடி மக்களை, அதே வாக்கியத்தில் 'எங்கள் ஜென்ம விரோதிகள்' என்கிறார் பெர்சி. கடவுள்தான் அனுப்பினார் என்று நன்றியையும் கடவுளுக்கே சொல்கிறார். உங்கள் மகன் இந்த ஒரு நாளை மட்டும் நன்றாக எழுதினால் போதும்: யார் படகில் வந்தார்கள், கூடையில் என்ன இருந்தது, இவன் நன்றி சொன்னானா?

கடைசியில் தன் சொந்தக் குரலில் ஒரு பத்தி சேர்க்கலாமா என்று ஆசிரியரிடம் கேளுங்கள். 1610 ஆகஸ்டில் அந்தப் பாஸ்பஹே ஊரை எரித்த படைக்குத் தலைமை தாங்கியவர் இதே பெர்சிதான். 1607-இன் நாட்குறிப்புக்குள் வரமுடியாத இந்தச் செய்திக்கு அந்தப் பத்திதான் சரியான இடம்.